கதைக்கிற நாலு பேர்

சிங்களம் பேசும் அரச அலுவலர்கள் தமிழும் படிக்க வேண்டும் என்ற விதியின் தயவில் எனக்குச் சனிக்கிழமை காலைகளில் ஒரு வகுப்புக் கிடைத்தது. லிங்கநகரில் இருந்து ஸ்கூட்டியில் ஓர்ஸ் ஹில்லுக்கு ஏறிப் போனால், துறைமுகத்தைப் பார்த்தபடி ஓர் அலுவலகத்தின் மேல்மாடி. அங்கே இரண்டு மின்விசிறிகள். ஒன்று சுற்றும், மற்றது சுற்றுவதுபோல் சத்தம் மட்டும் போடும். வந்தவர்களில் பெரும்பாலானோர் வரவுக் கையெழுத்து வரைதான் தமிழ் படித்தார்கள். ஒருவர் மட்டும் உண்மையாகவே படிக்க வந்தார். குருநாகல் பக்கத்தவர். மீனவர்களின் இறங்குதுறைகளைப் பராமரிக்கும் ஓர் அலுவலகத்துக்குப் பொறுப்பானவர். முன் கதிரையில் இருப்பார், பென்சிலைச் சீவிக்கொண்டு வருவார்.

எங்களுக்குத் தரப்பட்ட பாடநூலை எழுதியவர்கள் வாழ்நாளில் ஒருமுறையும் மீன் வாங்கியிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். ஒன்றில் தொடங்கித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வரை ஒரு புள்ளி தவறாமல் அதில் இருந்தது. அந்த அதிகாரி ஒரு கிழமையில் பாடமாக்கிவிட்டார். அடுத்த சனிக்கிழமை முறைப்பாட்டுடன் வந்தார்.

“டீச்சர், சந்தையில் மூன்று இல்லை. நான் மூன்று மீன் கேட்டேன். அவர் மூண்டு தந்தார்.”

“ரெண்டும் ஒண்டுதான் சேர்.”

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். “இரண்டும் ஒன்றா?”

அன்றைக்குப் பாடம் அத்துடன் முடிந்தது.

ஆட்களை எண்ணும் பாடம் வந்தபோது நிலைமை இன்னும் மோசமானது. ஒருவர், இருவர், மூவர் என்று போய் எழுவர், எண்மர் என்று ஏறும் அந்த வரிசையை நானே வகுப்புக்கு முதல் நாள் இரவு திரும்பப் படித்துவிட்டுத்தான் போனேன். அவருக்கோ எண்மர் என்ற சொல்லில் ஒரு காதலே வந்துவிட்டது. அவருடைய பிரிவில் சரியாக எட்டுப் பேர். திங்கட்கிழமை கீழே இருந்த தேநீர்க் கடைக்குத் தொலைபேசி எடுத்து, “எண்மருக்குத் தேநீர் அனுப்புங்கள்” என்றாராம். ஒரே ஒரு தேநீர் வந்தது. கடைக்காரர் தானே அதைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து, வாசலில் நின்று பணிவாகக் கேட்டிருக்கிறார்: “எண்மர் சேர் ஆர்? புதுசா மாற்றலாகி வந்தவரோ? சீனி போடுறவரோ?”

அளவுச் சொற்களில் புத்தகம் சில, பல, மிகவும், ஏராளம் என்றது. ஊர் கொஞ்சம், கனக்க, ஒரு சொட்டு, சரியான என்றது. கோயில் திருவிழாவில் சரியான சனம் என்று அவருடைய கிளார்க் சொன்னதற்கு, பிழையான சனம் எங்கே போனது என்று அவர் கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை. தமிழர்கள் எண்களை எண்ணுவதற்குப் பயன்படுத்துவது குறைவு என்ற முக்கியமான செய்தி மட்டும் அந்த நூலில் ஒரு பக்கத்திலும் இல்லை.

இப்படியிருக்கும்போது ஒரு மீனவர் கூட்டம் வந்தது. இந்த முறை மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று அதிகாரி அறிவித்தார். தன் முன்னேற்றத்தைப் பார்க்கட்டும் என்று என்னையும் அழைத்து, சுவரோரம் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார்.

மீனவர் சங்கத் தலைவர் கிண்ணியாக்காரர். நல்ல கதைக்காரர். இறங்குதுறையில் இருக்கும் ஐஸ் அறையின் கூரை ஓட்டையாகி ஐஸ் எல்லாம் மத்தியானத்துக்கு முன்னமே தண்ணீராகப் போவதை அவர் உருக்கமாக விளக்கினார். அதிகாரி ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினார். கடைசியில் தலைவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்:

“இப்படியே விட்டு வெச்சா நாலு பேர் நாலு விதமாக் கதைப்பாங்க சேர்.”

அதிகாரியின் தலையாட்டல் நின்றது. “அந்த நால்வர் யார்?”

தலைவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

“நாலு பேரெண்டா... எல்லாரும்தான் சேர்.”

“எல்லாருமா, நால்வரா? தெளிவாகச் சொல்லுங்கள்.”

எனக்குப் பொறுக்க முடியவில்லை. எழும்பி, “சேர், அது ஒரு பேச்சு வழக்கு” என்றேன்.

அவருடைய முகம் மாறிவிட்டது. “வழக்கா? எந்த நீதிமன்றத்தில்?”

அதன் பிறகு யாராலும் எதையும் திருத்த ஏலாமல் போனது. ஓட்டைக் கூரை பற்றிய கூட்டம், அலுவலகத்துக்கு எதிராக நான்கு வகையாகப் பேசித்திரியும், அநேகமாக வழக்கும் போட்டுவிட்ட, நான்கு மர்ம மனிதர்களைப் பற்றிய கூட்டமாக மாறியது. அவர்களை அடுத்த செவ்வாய்க்கிழமை அழைத்து வரும்படி தலைவருக்கு உத்தரவாகியது. மேலிடத்துக்கும் உடனே அறிவித்தாயிற்று.

கூட்டம் முடிந்ததும் தேநீர்க் கோப்பையுடன் அவரை ஜன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போய் விளக்கினேன். நாலு பேர் என்றால் நான்கு ஆட்கள் இல்லை. ஊர் உலகம். வழக்கு என்றால் எப்போதும் நீதிமன்றம் இல்லை. பழக்கம். அவர் கெட்டிக்காரர், உடனே பிடித்துக்கொண்டார். காது இரண்டும் சிவந்துபோயின.

“அப்படியென்றால் நிறுத்திவிடுங்கள் சேர்” என்றேன்.

“எப்படி டீச்சர்? மேலே தெரியப்படுத்திவிட்டேன். நிறுத்துவதற்குக் காரணம் கேட்பார்கள். எனக்குத் தமிழ் விளங்கவில்லை என்று சொல்லவா? அடுத்த மாதம் எனக்குத் தமிழ்ப் பரீட்சை.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “டீச்சர், எனக்கு நாலு பேர் வேணும்.”

நால்வர் போய் நாலு பேர் வந்துவிட்டார்கள், வேண்டும் போய் வேணும் வந்துவிட்டது. ஓர் ஆசிரியையாக எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இறங்குதுறையில் வேறு விதமான பிரச்சினை. அலுவலகம் கதிரை போட்டு, தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்து, நாலு பேரின் கதையைக் கேட்கப்போகிறது என்ற செய்தி பரவியதும் எல்லோரும் அந்த நாலு பேராக இருக்க விரும்பினார்கள். வாழ்நாளில் ஒருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை கதையாதவர்களும் தாங்கள் கதைத்ததாகச் சத்தியம் செய்தார்கள். இரண்டு மைத்துனர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் தலைவர் கிண்ணியாவில் ஒருவர், மூதூரில் ஒருவர், பட்டணத்தில் ஒருவர், திரியாயில் ஒருவர் என்று பிரித்துக் கொடுத்துச் சமாதானமாக்கினார். தன்னைச் சேர்க்கவில்லை. “நான் நாலு பேர் கதைப்பாங்க எண்டு சொன்ன ஆள். நானே அதுக்குள்ள எப்படி வாறது?” என்றார். அதில் நியாயம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை நால்வரும் வெள்ளைச் சேட்டுடன் வந்து வரிசையாக இருந்தார்கள். இந்த முறையும் எனக்குச் சுவரோரக் கதிரை. நால்வரில் கிண்ணியாக்காரர் கூரை ஓட்டை என்றார். மூதூர்க்காரரும் கூரை ஓட்டை என்றார். பட்டணத்தவரும் அதையே சொன்னார். கிளார்க் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தவித்தார்.

“சேர், நாலு விதமாக் கதைக்கினம் எண்டு மேல அறிவிச்சிருக்கிறம். இவை ஒரு விதமாத்தான் கதைக்கினம்.”

வாசலில் நின்ற தலைவர் பதறிப்போனார். “ஆளுக்கொரு விதமாச் சொல்லுங்களேன்!”

உடனே கிண்ணியாக்காரர் மழையைச் சேர்த்தார். மூதூர்க்காரர் வெயிலைச் சேர்த்தார். பட்டணத்தவர் ஓட்டைக்குள்ளால் வந்து மீன் தூக்கும் காகத்தைக் கொண்டு வந்தார். திரியாய்க்காரருக்கு மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை. அவர் எழும்பி, “ஐயா, ஒருக்கா வந்து பாருங்கோவன்” என்றார்.

அத்தனை காலமும் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை போலிருக்கிறது. அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். நாங்களும் பின்னால் போனோம்.

ஐஸ் அறைக்குள் அவர் நடுவில் நின்றார். மேலே இருந்து வெயில் வட்டம் வட்டமாக அவருடைய சேட்டில் விழுந்தது. தோளில், நெஞ்சில், மூக்கில். காலடியில் ஐஸ் தண்ணீர். அவர் அண்ணாந்து பார்த்து, விரல் நீட்டி எண்ணத் தொடங்கினார். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று மெதுவாகச் சொல்வது எனக்குக் கேட்டது. பாதியில் கையைக் கீழே விட்டார்.

“எத்தனை ஓட்டை எண்டு போடுறது சேர்?” என்று கிளார்க் கேட்டார்.

“கனக்க” என்றார் அதிகாரி.

“கனக்க எண்டு எழுத ஏலாது சேர்.”

“அப்ப, பல எண்டு எழுதுங்கோ.”

அதைக் கேட்டபோது எனக்கு ஏனோ கண் கலங்கியது. ஐஸ் அறையின் மீன் வாடையாகவும் இருக்கலாம்.

மாரி மழைக்கு முன்னமே கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. இதில் வியப்பில்லை என்று கிளார்க் எனக்கு விளங்கப்படுத்தினார். எல்லோரும் முறையிடுகிறார்கள் என்றால் மேலிடத்துக்கு அது ஒரு செய்தியே இல்லை. எல்லோருக்கும் யார் பதில் எழுதுவது? நால்வர் என்றால் அது ஒரு குழு. குழுவுக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். கூரை முடிந்த பிறகும் அந்த நால்வர் குழு கலையவில்லை. மாதமொருமுறை கூடுகிறது, தேநீர் குடிக்கிறது, நாலு விதமாகக் கதைக்கிறது. அதிகாரியும் பரீட்சையில் தேறிவிட்டார்.

போன ஞாயிறு காலை ஒரு மீன் லொறிக்காரர் லிங்கநகரில் என் வீட்டுக்கு வந்தார். கையில் பெரிய பாரை மீன், வாழையிலையில் சுற்றியிருந்தது. அந்த நாலு பேருக்குள் இடம் கிடைக்காத ஒருவர்.

“டீச்சர், அந்தச் சேருக்கு நீங்கள்தானே தமிழ் படிப்பிச்சனீங்கள்?”

“ஓம், நான்தான்.”

“அடுத்த வகுப்பில, அஞ்சு பேர் கதைப்பினம் எண்டு படிப்பிச்சு விடுங்கோ. பெரிய வேலை இல்லைத்தானே?”

“அப்பிடி ஒருத்தரும் சொல்லுறேல்லையே அண்ணை.”

“நீங்கள் படிப்பிச்சால் சொல்லுவினம்.”

மீனைக் குசினியில் வைத்துவிட்டு வந்து, பாடத்திட்டத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை என்று பொறுமையாக விளங்கப்படுத்தினேன். அவர் கதிரையை விட்டு எழும்பவில்லை. அப்படியென்றால் அதிகாரம் ஆரிடம் இருக்கிறது, அந்த ஆள் என்ன மீன் சாப்பிடுவார் என்று கேட்டார்.