பலா மரத்தில் இரட்டைக் கோடு

முதல்லேயே மன்னிச்சுக்குங்க. ஆறாம் வகுப்போட நின்னவ நான். எழுத்து முன்னப்பின்ன இருக்கும். கிழமைகூட மறந்து போகுது... போன வெள்ளின்னு வச்சுக்குங்க.

மலேசியாவுல, கோத்தா திங்கியில எங்க கோயிலுக்குப் பின்னால ஒரு பலா மரம். அதை அடுத்து எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம். அன்னைக்குக் காலையில போனா, மரத்தைச் சுத்திக் கூட்டம். அடிமரத்துப் பட்டை முழங்கால் உயரத்துக்கு உரிஞ்சு கிடக்கு!

"வேற யாரு? முருகையாதான்! குப்பை கூட்டலைன்னு நேத்து ஏசினேன். கோபத்தைப் பாராங் கத்தியால மரத்து மேல காட்டிட்டான் லா," என்றார் கோயில் தலைவர்.

முருகையா கோயில் தோட்டக்காரர். படுக்கிறதும் பின்கட்டு ரூமிலதான். வேலை போனா கூரையும் போச்சு. "நான் தொடவே இல்லைங்க," என்றவரை யார் கேட்டாங்க? "சாயங்காலத்துக்குள்ள சாமானைக் கட்டு," என்றுவிட்டார் தலைவர்.

கமிட்டி முன்னால நான் வாயே திறந்ததில்லை. ஆனா பதினேழு வருஷம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டின கை சும்மா இருக்குமா? குனிஞ்சு தடவிப் பார்த்தேன். கத்தி பட்ட பட்டை எனக்குத் தெரியாதா?

"தம்பி... இது கத்தி இல்லை."

"சரசக்கா, உங்களுக்குக் கண்ணு தெரியுதா?" என்றார் தலைவர்.

"கண்ணை விடுங்க. விரலை வைங்க."

வச்சார். கத்தி வெட்டினா ஒரே கோடு, வழவழன்னு இருக்கும். இது பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ரெண்டா பள்ளம் – உளி வச்சுச் சுரண்டின மாதிரி. முன்பல்லு! அதுவும் வேருக்கு அடியில, கையே நுழையாத சந்துலயும்.

"இங்க எப்படி வெட்டினாராம்? தரையில படுத்துக்கிட்டா?"

கூட்டம் சிரிச்சிடுச்சு. தலைவர் மட்டும் சிரிக்கலை. "அலமாக்... எலியா?"

"எலிப் பல்லு இத்தனை அகலமா? முள்ளம்பன்றி, தம்பி. அணில்னா மேல கிளையில கடிச்சிருக்கும்."

தலைவர் கையில ஒட்டின மண்ணைத் தட்டிக்கிட்டார். அப்புறம், "முருகையா, அடிமரத்துக்குக் கம்பி வலை கட்டணும். வாங்க, அளவு எடுப்போம்," என்றார். மன்னிப்பு கேட்கலை. ஆனா, 'வாங்க' வந்துச்சே!

குத்தம் சொல்ல நிமிர்ந்து நின்னாலே போதும். தெரிஞ்சுக்கத்தான் குனியணும், இல்லையா?

அன்னைக்கு வீட்டுக்குக் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன். சொல்ல வெட்கமா இருக்கு... இருந்தாலும் சொல்லிக்கிறேன்.

ஒரு உதவி. அது முள்ளம்பன்றிப் பல்லுதானான்னு தெரிஞ்சவங்க யாராவது வந்து சரிபார்த்துச் சொல்லுங்க. மிருகத்தோட பேரை நான் தப்பாச் சொல்லியிருக்கலாம்.

முருகையா செய்யலைங்கிறதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம்.