வெர்னாக்கிற்கு வந்த சவப்பெட்டி

பிரான்சில் லிமூசேன் மலைப்பக்கத்தில் வெர்னாக் என்று யாராவது சொன்னால், எந்த வெர்னாக் என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஊருக்கு அந்தப் பெயர். ஊரை வளைத்து ஓடும் ஓடைக்கு அந்தப் பெயர். மேட்டின்மேல் கோட்டை வீட்டில் ராஜா காலத்திலிருந்து இருந்துவரும் பிரபு குடும்பத்துக்கும் அதே பெயர். அந்தக் கோட்டையின் மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய குடிசையில் லெயோனார்த் என்பவளைக் கட்டிக்கொண்டு குடியிருந்த பண்ணையாள் மார்சியாலும் வெர்னாக்தான். அவனுடைய முப்பாட்டனை யாரோ பச்சைக் குழந்தையாகத் துணியில் சுற்றிக் கோட்டை வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பெயர் தெரியாத பிள்ளைக்கு வாசலின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

வண்டிக்காரன் காஸ்பாருக்கு இது தீராத வேடிக்கை.

"என்ன மார்சியால் துரை, உங்க கோட்டையில மழை எப்படி?"

"ஒழுகுது."

"மேட்டுல இருக்கிற வெர்னாக்குக்கு ஒழுகலியே?"

"அவரு கூரையில விழுற தண்ணிதானடா வழிஞ்சு எங்க கூரைக்கு வருது. குடும்பச் சொத்து."

லெயோனார்துக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. பெயரை வைத்து விளையாடாதே என்பாள். அவளுக்கும் கோட்டைத் துரைசானிக்கும் ஒரே குளிர்காலத்தில் ஆண் குழந்தை பிறந்தது. துரைசானி காய்ச்சலில் கிடந்தாள், பால் வற்றிவிட்டது. லெயோனார்த் தன் பிள்ளையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள். அதற்கப்புறம் இரண்டு பிள்ளைகளும் அவள் மடியில்தான் வளர்ந்தார்கள். கைம்மாறாகத் துரைசானி தொழுவத்துப் பிள்ளைக்கு ஞானத்தாயாக நின்றாள். அந்தப் பக்கத்தில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது ஞானத்தாயின் உரிமை. துரைசானிக்குத் தெரிந்த அழகான பெயர் ஒன்றே ஒன்றுதான்; அதைத் தன் மகனுக்கு ஏற்கெனவே வைத்திருந்தாள்.

"இவனும் எமாராவே இருக்கட்டும். ஒரு தடவை கூப்பிட்டா ரெண்டு பேரும் ஓடிவருவாங்க, உனக்கும் வேலை மிச்சம்" என்றாள்.

அப்படித்தான் ஆயிற்று, பால் மறக்கும் வரைக்கும். பிறகு ஒரு எமார் பாரிசுக்குப் படிக்கப் போனான். இன்னொரு எமார் ஏர் பிடித்தான். விடுமுறைக்கு வரும் சின்னத்துரை தொழுவத்துப் பக்கம் வந்து நின்றால், ஏர் பிடிப்பவன் தொப்பியைக் கழற்றுவான். லெயோனார்த் அதைப் பார்க்காதவள்போல் உள்ளே போய்விடுவாள்.

ஜெர்மன்காரனோடு பெரிய சண்டை வந்தபோது இருவரும் போனார்கள். ஒரு ஜில்லாக்காரர்கள் ஒரே படையில் சேருவார்கள் என்பதால் சின்னத்துரை அதிகாரியாகவும் தொழுவத்து எமார் சிப்பாயாகவும் ஒரே படையில் இருந்தார்கள். ஒரே இலையுதிர்காலத்தில், ஒரே காட்டில் இருவரும் செத்தார்கள். யார் உடலும் கிடைக்கவில்லை என்று சேதி வந்தது. மார்சியால் அதற்கப்புறம் வேளைக்குச் சூப்பைக் குடித்தும் இளைத்து, சண்டை முடிவதற்குள் போய்ச் சேர்ந்தான்.

மிச்சமிருந்த லெயோனார்துக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான் மிஞ்சியது. கல்லறைத் திருநாளில் ஊர்ப் பெண்கள் எல்லாரும் சாமந்தித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது, தன் பிள்ளையின் தலைமாட்டிலும் ஒரு தொட்டியை வைத்துவிட்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பிள்ளை மண்ணுக்குள்ளாவது வேண்டும்.

சண்டை முடிந்து சில வருஷம் கழித்து, கேட்டவர்களுக்குப் பிள்ளைகளைத் தோண்டியெடுத்து ரயிலில் அனுப்பிவைத்தது அரசாங்கம். இரண்டு தாய்மார்களும் கேட்டிருந்தார்கள். அந்தக் காட்டில் பின்னால் அகப்பட்ட ஓர் உடலோடு ஒரே ஒரு பெட்டி வந்தது. மேலே எமார் வெர்னாக் என்று இருந்தது, அதிகாரியா சிப்பாயா என்று இல்லை. பிறந்த வருஷமும் ஊரும்கூட இருவருக்கும் ஒன்றுதான். ஸ்டேஷன்காரர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கோட்டைக்கு ஆள் அனுப்பினார். லெயோனார்தும் யோசிக்கவில்லை. வெர்னாக் என்றால் முதலில் மேடுதானே?

ஊரே பெட்டியின் பின்னால் நடந்தது. லெயோனார்த் வேலைக்காரப் பெண்களோடு கடைசியில் நடந்தாள். தன் பாலைக் குடித்த பிள்ளை என்று வாய்விட்டு அழுதாள். கோட்டைச் சிற்றாலயத்தில், பழைய பிரபுக்கள் படுத்திருக்கும் நிலவறையில் இறக்கி மூடினார்கள்.

அந்தச் சிற்றாலயத்தைக் கூட்டுவது அவள் வேலை. கல்லறைத் திருநாளுக்கு முன்பு கூட்டப் போனபோது, நிலவறை வாசலில் புதிதாக ஒரு கண்ணாடிப் பேழை இருந்தது. பெட்டியோடு வந்த சாமான்கள். துருப்பிடித்த பெல்ட் கொக்கி, ஒரு பொத்தான், ஒரு மடக்குக் கத்தி. கத்தியின் கைப்பிடி பாதி மரம், பாதி ஆட்டுக்கடாக் கொம்பு. நடுவில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது.

அந்தக் கம்பியைச் சுற்றியவன் மார்சியால். பிள்ளை படைக்குப் போவதற்கு முன் அடுப்படியில் உட்கார்ந்து சுற்றினான். அந்த ஊரில் ஆண்பிள்ளை கத்தியை இரவல் கொடுக்கமாட்டான். விருந்துக்குப் போனாலும் தன் கத்தியில்தான் ரொட்டி வெட்டுவான். லெயோனார்த் துடைப்பத்தைக் கீழே போட்டாள். அப்படியே, தலைத்துணிகூடச் சரிசெய்யாமல், துரைசானியின் அறைக்குப் போய் நின்றாள்.

"உள்ளே இருக்கிறது எம்புள்ளை, துரைசானி."

துரைசானி ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"சாமான் பொட்டலத்தைப் பிரிச்ச அன்னிக்கே தெரியும். எம்பையன் கையால ரொட்டி வெட்டினதே கிடையாது. அவனுக்கு எதுக்குக் கத்தி?"

"தெரிஞ்சும் எப்படி மனசு வந்தது?"

"உனக்கு என்ன குறைச்சல் அதுல? பிரபுக்களுக்கு நடுவுல படுத்திருக்கான். தினம் மெழுகுவத்தி எரியுது. நீதான் கூட்டுறே, நீதான் துடைக்கிறே. கிட்டத்தானே இருக்கான்?" அவள் இப்போதுதான் திரும்பினாள். "எம்பிள்ளையை நீ வெச்சுக்கலியா லெயோனார்த்? அவன் முதல்ல அம்மான்னு கூப்பிட்டது யாரை? அதே மாதிரி உன் பிள்ளையை எனக்குக் கொடு."

"நான் பாலைத்தான் கொடுத்தேன். புள்ளையைக் கொடுக்கலை."

பிள்ளையை எடுத்துத் தரச்சொல்லி அவள் போய்க் கேட்டபோது பங்குச்சாமி, துரைசானி வாய்திறந்து சொன்னால் பார்க்கலாம் என்றார். ஊர் அதுகூடச் சொல்லவில்லை. ரொட்டி சுடும் இடத்தில் பக்கத்துவீட்டு செலின் எல்லார் காதிலும் விழும்படி பேசினாள்.

"பளிங்குல படுத்திருக்கிறவனை இழுத்துவந்து வேலியோரம் போடணுமாம். பெத்தவளா இவ?"

"வேலியோரம் அவங்கப்பன் இருக்கான்டி" என்றாள் லெயோனார்த். மாவைப் பிசைந்த கை நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது துரைசானி கோவில் வாசலில் நின்றாள். லெயோனார்த் சொல்லிவிட்டுப் போன வார்த்தை அவளைத் தூங்கவிடவில்லை. ஊர்முன் நின்று பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

"அது லெயோனார்த் பிள்ளை. எடுத்துக் கொடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, கைத்தடியை ஊன்றி நடந்துபோனாள்.

காஸ்பார் வண்டி கட்டினான். அன்றைக்கு அவன் வாயில் ஒரு கேலியும் இல்லை. மார்சியாலின் பக்கத்தில் குழி வெட்டி இறக்கினார்கள். லெயோனார்த் சாமந்தித் தொட்டியை வைத்தாள். ஆசைப்பட்டபடியே நின்றாள். நிம்மதி வரும் என்று காத்திருந்தாள், வந்தது வேறு. இந்தக் குழியில் இவன் என்றால், அவன் எங்கே? அவள் அழுது அடக்கம்செய்துவிட்டு வந்த இன்னொரு பிள்ளை, பெயர் எழுதின இடம்கூட இல்லாமல், அந்தக் காட்டில் எங்கேயோ மழையில் கிடந்தான். அவனை அங்கே திரும்ப அனுப்பியது தன் கைதான் என்று தோன்றியது. இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். காஸ்பார்தான் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

பனிக்காலம் தொடங்கியபின் ஒரு மத்தியானம் குடிசைக் கதவு தட்டப்பட்டது. துரைசானி. அத்தனை வருஷத்தில் அந்தப் படியை அவள் மிதித்ததில்லை. குனிந்து உள்ளே வந்தாள். லெயோனார்த் இடுப்பில் கட்டியிருந்த துணியால் பெஞ்சைத் துடைத்தாள். அடுப்பில் கஷ்கொட்டை வெந்துகொண்டிருந்தது. துரைசானி ஒரு கொட்டையை எடுத்துத் தோலை உரிக்கப் பார்த்தாள், விரலைச் சுட்டுக்கொண்டாள்.

"கொடுங்க" என்று லெயோனார்த் வாங்கி உரித்துக் கையில் வைத்தாள்.

"நான் கேக்க வந்தது..." துரைசானி அதைச் சாப்பிடாமல் உள்ளங்கையில் வைத்திருந்தாள். "அவன் உங்கிட்ட இருந்தப்போ எப்படி இருந்தான்? நான் படுக்கையில கிடந்துட்டேன். அப்புறம் பள்ளிக்கூடம், அப்புறம் பட்டாளம். எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமே இல்லை லெயோனார்த். நீ சொல்லு."

லெயோனார்த் அடுத்த கொட்டையை எடுத்தாள்.

"கடிப்பான் துரைசானி. பல்லு மொளைச்ச நாள்லேர்ந்து கடிப்பான். வலியில நான் கத்தினா விட்டுட்டுச் சிரிப்பான். எம்புள்ளை பயந்துபோய் அழுவான், இவன் சிரிச்சுக்கிட்டே மறுபடியும் கடிக்க வருவான்."

"ரொம்ப வலிக்குமா?"

"ரொம்ப" என்றாள் லெயோனார்த்.

துரைசானி பெஞ்சில் இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள். "அப்புறம்?" என்றாள்.