குரோடா காத்திருந்த மூன்று நாள்

ஆக்லாந்தின் ஒடாஹுஹுவில் இறைச்சி வெட்டும் தொழிற்சாலை ஒன்றில் கத்தி தீட்டிய குரோடாவுக்கு வயது நானூறு என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அங்கே எல்லோரும் சிரித்தார்கள். சோதிலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் தபாற்கந்தோர் கிளாக்காக இருந்துவிட்டு, ஐம்பதை நெருங்கும் வயதில் ஆட்டுத் தொடையைப் பிடிக்கத் தெரியாமல் விரலை வெட்டிக்கொண்டு நின்ற அவருக்குக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் அந்த மனிதர்தான். குருவை நம்பாமல் என்ன செய்வது?

குரோடா ஒரு காலத்தில் சாமுராய். பிரபு ஒருவரின் ஏழு வயது மகனுக்கு வாள் பழக்கிய ஆசான். எதிரிகள் நெருங்கியபோது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தப்பச் சொன்னார்கள். திசை சரியில்லை, மூன்று நாள் பொறு என்றான் சோதிடன். பொறுத்தார். இரண்டாம் நாளே கோட்டை எரிந்தது; பிள்ளையும் எரிந்தது. அன்றிலிருந்து குரோடாவுக்குச் சாவு வரவில்லை. இதையெல்லாம் உடைந்த ஆங்கிலத்தில், சாணைக்கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அழவில்லை.

எண்பத்தேழு சித்திரையில், ஊரில் பெரியம்மா வீட்டில் விட்டுவந்த ஒரே மகன் ஆனந்தராசாவுக்கு விசா விண்ணப்பம் எழுதி முடிந்தது. "இன்றைக்கே போடு," என்றார் குரோடா. சோதிலிங்கமும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் புறப்பட்டார். மனைவி இராசமலர் மறித்துவிட்டாள்.

"பிள்ளைக்கு ஏழரைச் சனி. ஆவணி வரைக்கும் கடல் தாண்டுற கதையே வேண்டாமெண்டு சாத்திரியார் எழுதியிருக்கிறார். பொறுங்கோவன்."

இருபது வருடம் தபால்களுக்கு முத்திரை குத்தியவருக்கு ஒரு கடிதத்தைப் பெட்டியில் போடத் துணிவில்லை. பொறுத்தார். ஆவணியில் நல்ல நேரம் பார்த்து, அவள் கற்பூரம் காட்டித் தந்த உறையைப் போட்டார்.

ஐப்பசியில் ஒரு நாள், கொழும்பில் இருந்த மைத்துனர் மகேசன் தொழிற்சாலைக்கு போன் எடுத்தார். வீட்டுக்கு எடுத்தால் அக்கா இராசமலர் போனைத் தூக்கிவிடுவாளே என்ற பயம். பெரியம்மா வீட்டில் ஷெல் விழுந்து நாலு நாளாம். ஆனந்தராசாவின் உடலை ஊரவர்கள் கிடைத்த இடத்தில் வைத்து எரித்துவிட்டார்களாம்.

சோதிலிங்கம் நேரே கத்தி தீட்டும் அறைக்குப் போனார்.

"இனி நான் என்ன செய்ய?"

குரோடா கல்லை நிறுத்தினார்.

"தெரியாது," என்றார். "நானூறு வருடமாகத் தெரியாது."

பாழாய்ப்போன குரு! ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

அவளிடம் எப்படிச் சொல்வதென்று வாய்க்குள் வசனம் கூட்டியபடியே பஸ்ஸில் வந்து இறங்கினார். கதவைத் தட்டுமுன் அவளே திறந்தாள். கையில் அரசாங்க உறை. ஆக்லாந்துக்கு வந்த நாளிலிருந்து அவள் இப்படிச் சிரித்து அவர் கண்டதில்லை.

"இஞ்சருங்கோ, பிள்ளைக்கு விசா கிடைச்சிட்டுது! அண்டைக்கு நான் மறிச்சதுக்கு முகத்தை நீட்டினியளே. நல்ல நாள் பார்த்துப் போட்டபடியால்தானே கிடைச்சது? ஓமெண்டு சொல்லுங்கோ."

"ஓம்," என்றார் சோதிலிங்கம்.