இரண்டாவது எஸ்எஸ்டிக்கு ஒரு ஸ்க்ரூ

புனே மகர்பட்டாவில் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பிரிண்டரோ ரவுட்டரோ வாங்கினால் கூடவே மடித்த தாள் ஒன்று வருமே, யாரும் படிக்காமல் தூக்கிப் போடுவார்களே, அதை எழுதுகிறவன். ‘மெதுவாகச் செருகவும்’, ‘அதிகம் அழுத்த வேண்டாம்’ போன்ற அமர வாக்கியங்கள் என்னுடையவை. அந்தச் சாமான்களில் முக்கால்வாசியை நான் கண்ணால் பார்த்ததில்லை. மெயிலில் படம் வரும். படத்தைப் பார்த்து உலகத்துக்கு உபதேசம் செய்வேன்.

விஷ்ராந்த்வாடியில் எங்கள் சொசைட்டியில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் என்னை “சார் கம்ப்யூட்டர்ல இருக்கார்” என்றுதான் அறிமுகம் செய்வார்கள். ஒரு தடவைகூட நான் மறுத்ததில்லை. பலனை ஒரு சனிக்கிழமை அனுபவித்தேன்.

என் மகள் ஆர்க்கிடெக்சர் கடைசி வருடம். திங்கட்கிழமை அவளுக்குத் தீசிஸ் ஜூரி, அதாவது தேர்வாளர்கள் முன் இறுதி விளக்கம். ஆறு மாதமாக வரைந்த கட்டடம் முழுவதும் அவள் லேப்டாப்பில் இருந்தது. அந்த வாரம் லேப்டாப்பின் வயிறு நிரம்பிவிட்டது. படங்களை அழித்தாள், பாட்டுகளை அழித்தாள். அப்படியும் கட்டடத்தைச் சேமிக்க இடமில்லை என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. உள்ளே இன்னொரு எஸ்எஸ்டி, அதாவது சேமிப்புத் தகடு, போடக் காலி ஸ்லாட் இருப்பதாகக் கண்டுபிடித்து அவளே ஒன்றை ஆர்டர் செய்தாள்.

“ஆளந்தி ரோட்ல அந்த ரிப்பேர் ஷாப்ல குடுத்தா ஹாஃப் அவர்ல போட்டுடுவான்பா.”

“வீட்டுல நான் எதுக்கு இருக்கேன்?”

என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். “அப்பா, பக்கா?”

“பக்கா.”

சனிக்கிழமை எட்டு மணிக்குப் பார்சல் வந்தது. பிரித்தேன். சூயிங்கம் பட்டை அளவில் ஒரு பச்சைத் தகடு. அதை எடுத்துக்கொண்டு அட்டைப் பெட்டியைச் சுகா கச்ராவில், அதாவது உலர்ந்த குப்பைக் கூடையில் போட்டேன். மடித்த தாள் ஒன்றும் அதோடு போனது. அதை எழுதுகிறவன் அதைப் படிப்பானா? இனிப்புக் கடைக்காரர் மைசூர்பாகு சாப்பிடுவாரா? ஒன்பது மணிக்குக் குப்பை எடுக்க வரும் அம்மாள் கூடையைக் காலி செய்துகொண்டு போனார். எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் தாயி, அதாவது அக்கா.

மகள் தன் வரைபடங்களைப் பிரிண்ட் எடுக்கக் கிளம்பினாள். நான் சாப்பாட்டு மேஜையில் கடையைப் பரப்பினேன். கழற்றும் ஸ்க்ரூக்கள் கலந்துவிடக் கூடாது என்று இட்லித் தட்டை எடுத்து, குழிக்கு ஒன்றாகப் போட்டேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பிறகு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்க ஏதாவது உலோகத்தைத் தொட வேண்டும். இதையும் நானே நாற்பது கையேடுகளில் எழுதியிருக்கிறேன்.

“என்னங்க, அரிசி டிரம்மை எதுக்குத் தடவிக்கிட்டு நிக்கிறீங்க?” என்றாள் மனைவி.

“ஸ்டாட்டிக்.”

“அது சரி. என் இட்லித் தட்டு எங்க?”

காலாவதியான வங்கி அட்டை ஒன்றை விளிம்பில் நுழைத்து அடிமூடியை நெம்பினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். ‘லேசான சத்தம் கேட்பது இயல்பே’ என்று எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன். உடைந்து விழுந்த பிளாஸ்டிக் கொக்கியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூடி வந்துவிட்டது. காலி ஸ்லாட்டும் இருந்தது. தகட்டைச் சாய்த்துச் செருகினேன். மெதுவாகத்தான். அது உள்ளே போய், மறுமுனை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. விரலால் அழுத்தினால் படுத்தது. விரலை எடுத்தால் எழுந்தது. என் கூடப் பிறந்தவன் ஒருவன் பள்ளிக்கூட நாட்களில் இப்படித்தான். தகட்டைப் படுக்க வைக்க ஒரு ஸ்க்ரூ வேண்டும். அதற்கான துளை இருந்தது. ஸ்க்ரூ இல்லை. பக்கத்தில் பழைய எஸ்எஸ்டி தன் ஸ்க்ரூவோடு சமர்த்தாகப் படுத்திருந்தது.

ஒரே ஒரு ஸ்க்ரூ. எள்ளைவிடக் கொஞ்சம் பெரியது. புனே மாதிரி ஊரில் இது கிடைக்காதா என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மகள் சொன்ன ரிப்பேர் கடையை, எதிர்ச் சாரியில் ஏதோ பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடந்தேன். ஹார்ட்வேர் கடைக்காரர் நான் விரலிடுக்கில் காட்டிய அளவைப் பார்த்தார்.

“ஏக்ச் பாஹிஜே?” ஒன்றே ஒன்றுதான் வேண்டுமா என்று கேட்டார். நான் ஆம் என்றதும் அவர் முகத்தில் வந்த துக்கத்தை என்னால் விவரிக்க முடியாது. அவ்வளவு சின்னது தன்னிடம் இல்லை என்றும், கடிகார ரிப்பேர்காரரிடம் கேட்கலாம் என்றும், ஆனால் சாம்பிள் வேண்டும் என்றும் சொன்னார்.

சாம்பிள். வீட்டுக்குத் திரும்பினேன். பழைய எஸ்எஸ்டியின் ஸ்க்ரூவைக் கழற்றினேன். அதுவும் எழுந்து நின்றது. இப்போது இரண்டும் என்னைப் பார்த்தபடி நின்றன.

“அவ தீசிஸ் அதுலதானே இருக்கு?” என்றாள் மனைவி.

“அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்.”

“காப்பி எதுவும் எடுத்து வச்சிருக்காளா?”

“எடுத்து வைக்க இடம் இல்லாமத்தானே இதையே பண்றோம்?” என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வாக்கியத்தின் பொருள் எனக்கே புரிந்தது.

ஸ்க்ரூவைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு கடிகாரக் கடைக்குப் போனபோது மணி பன்னிரண்டு ஐம்பது. புனேயில் இது ஆபத்தான நேரம். ஒரு மணிக்குக் கடைகள் சாப்பிட்டுத் தூங்கப் போய்விடும். எழுப்ப யாராலும் முடியாது. கடைக்காரர் எழுபது வயதிருக்கும் மனிதர், ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி. அவர் பேசியது மராத்தி. நான் பேசியது, மராத்தி என்று நான் நினைத்துக்கொண்டிருப்பது.

காகிதத்தை வாங்கினார். பிரித்தார். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக, தன் ஸ்க்ரூத் தட்டிலேயே அதைக் கொட்டினார்.

தட்டில் ஐந்நூறு ஸ்க்ரூ இருக்கும்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “சாஹேப், தும்ச்சா கோண்தா?” என்றார். உங்களுடையது எது என்று என்னைக் கேட்கிறார். நான் குனிந்து பார்த்தேன். கறுப்பாக, தலை தட்டையாக, சின்னதாக இருந்தது என்றேன். அங்கே எல்லாமே கறுப்பாக, தலை தட்டையாக, சின்னதாக இருந்தன. மகளின் ஆறு மாத உழைப்பைப் பிடித்து வைத்திருந்த ஸ்க்ரூ அந்தக் கூட்டத்தில் எங்கோ இருந்தது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இடுக்கியால் ஐந்தைப் பொறுக்கி, மருந்துப் பொட்டலம்போல் மடித்துக் கையில் கொடுத்து, மீதியை நாலு மணிக்குப் பார்க்கலாம் என்று ஷட்டரை இறக்கினார்.

வீட்டில் ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். நான்கு தளர்ந்து சுற்றின. ஐந்தாவது அழகாக இறங்கியது. பத்து வினாடி சந்தோஷப்பட்டேன். பிறகுதான் அது நான் கொண்டுபோன அதே ஸ்க்ரூ என்பது உறைத்தது. இரண்டு மணி நேரம் அலைந்து, என் ஸ்க்ரூவை என்னிடமே மீட்டிருந்தேன். பழைய எஸ்எஸ்டியை முதலில் படுக்க வைத்து இறுக்கினேன்.

மகள் திரும்பி வந்தாள். மேஜையைப் பார்த்தாள். இட்லித் தட்டைப் பார்த்தாள்.

“அப்பா, இன்னும் ஓப்பனா இருக்கா?”

“ஒரு ஸ்க்ரூ குடுக்கலம்மா கம்பெனிக்காரன். என்ன பொறுப்பில்லாத ஆளுங்க.”

“பாக்ஸ்ல இருக்கும் நா? ரிவ்யூல எல்லாரும் போட்டிருக்காங்க, ஸ்க்ரூ கூட வருதுன்னு. பாக்ஸ் கிதர், எங்க போட்டீங்க?”

நான் சமையலறை மூலையில் இருந்த கூடையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அது காலியாக இருந்தது.

“பாக்ஸ்ல இருந்த பேப்பரை நீங்க படிக்கலையா? நீங்களா?”

அந்த ‘நீங்களா’ காதில் ஒலிக்கப் படியிறங்கினேன். பார்க்கிங்கின் பின்பக்கத்தில் தாயி அட்டைகளைத் தட்டையாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்ன தொலைந்தது என்று கேட்டார். ஸ்க்ரூ என்று சொல்லிச் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினேன். தங்கமா என்றார். இல்லை என்றேன். யோசித்துவிட்டு, இரும்புச் சாமான் போடும் பால்பவுடர் டப்பாவைக் கவிழ்த்தார். ஆணிகளுக்கும் சோடா மூடிகளுக்கும் நடுவில் ஒரு குட்டி பிளாஸ்டிக் உறை. உள்ளே ஒரு ஸ்க்ரூ. அது தாளில் ஒட்டியிருந்ததாம். காகிதம் வேறு, இரும்பு வேறு என்று கிழித்துப் பிரித்திருக்கிறார். அந்தத் தாளையும் எடுத்துக் காட்டினார். உறையின் படம், அதன்மேல் அம்புக்குறி, ஒன்று என்ற எண்.

“காகா, உங்களுக்குப் படிக்கத் தெரியும்தானே?” என்று என்னைச் சித்தப்பா முறை வைத்து மராத்தியில் கேட்டார். கிண்டலாகத் தெரியவில்லை. அக்கறையாகத்தான் கேட்டார்.

மூன்று மாடியையும் லிஃப்டுக்குக் காத்திராமல் ஏறினேன். ஸ்க்ரூவை உயர்த்திப் பிடித்தபடி உள்ளே நுழைந்தபோது லேப்டாப்பின் அடிமூடி பொருத்தப்பட்டிருந்தது. நிமிர்த்தி வைக்கப்பட்டு ஓடிக்கொண்டும் இருந்தது. இட்லித் தட்டு காலி.

“எப்படி?”

“ரப்பர்பா. இரேசரைக் கட் பண்ணி எஸ்எஸ்டி மேல வச்சேன். மூடி அழுத்திக்குது.”

“சூடாகுமேம்மா! உருகிடும்! ஸ்க்ரூ இதோ இருக்கு, ரெண்டே நிமிஷம்...”

“அப்பா, தொடாதீங்க. சேவ் ஆகுது.”

புதிய டிரைவ் திரையில் தெரியவில்லையே என்று நான் சுட்டிக்காட்டினேன். கொஞ்சம் நம்பிக்கையோடுதான். அவள் ஏதோ ஒரு பட்டியலைத் திறந்து இரண்டு இடத்தில் தட்டினாள். தெரிந்தது. கட்டடம் மெல்ல மெல்ல அதில் குடியேறியது. நான் ஸ்க்ரூவோடு நின்றுகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அவள் ரப்பரோடு போய், ரப்பரோடு வந்தாள். ஜூரியில் மாடிப்படியைப் பற்றி மட்டும்தான் கேள்வி வந்ததாம். லேப்டாப் ஒரு தடவைகூடத் திணறவில்லையாம். எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. காபி குடித்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரைப் பின்னால் மறைத்தபடி அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தேன்.

“இப்பதான் எல்லாம் முடிஞ்சுதே. ஸ்க்ரூவைப் போட்டுடலாமா?”

“ஜாவ் தே நாப்பா, விடுங்க. ஓடிட்டு இருக்கு.”

“முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

“முறையா? கடைல குடுத்து போட்டுக்கறேன்,” என்றாள்.

வாரம் ஒரு தடவை கேட்கிறேன். மனைவி முன்னெச்சரிக்கையாக இட்லித் தட்டை மேல் தட்டுக்கு மாற்றிவிட்டாள்.