நான் வாசிக்காத பெயர்

ஆவி, அசரீரி என்று யாராவது கதையெடுத்தால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். என் தொழில் அப்படி. பாரிசில், எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற லாசப்பலில் இருபது வருடத்துக்கு மேலாகக் கல்வெட்டு அடிக்கிறேன், கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது இல்லை, எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் வீட்டுக்காரர் கொடுக்கிற நினைவுப் புத்தகம். செத்தவர்களோடுதான் என் பிழைப்பு. வெறும் மேலோடு படத்தில் நின்றவருக்குக் கோட்டு மாட்டியிருக்கிறேன், பல்லில்லாதவருக்குப் பல் வைத்திருக்கிறேன், எனக்கு ஏன் கோட்டுப் போட்டாய் என்று ஒருவரும் திரும்பி வந்து கேட்டதில்லை. ஆகவே இதைச் சொல்லும்போது உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இதுவரை மூன்று பேருக்குச் சொன்னேன். இரண்டு பேர் டொக்டரிடம் போகச் சொன்னார்கள், மனைவி கோயிலுக்குப் போகச் சொன்னாள். நம்பினால் நம்புங்கள்.

எங்கள் ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே கடை வாசலில் வந்து நிற்பார்கள். மன்னார்க் கரையோரத்தில் ஒரு சின்னப் பட்டினம், ஒரு கடைத்தெரு, ஒரு மாதா கோயில், ஒரு வாசிகசாலை, அவ்வளவுதான். அதற்குப் பாரிசில் இரண்டு ஒன்றியம், ஊர்க்காரர் சேர்ந்து நடத்துகிற சங்கம். ஒன்று உடைந்து இரண்டானது யார் மேடையில் முதலில் பேசுவது என்கிற சண்டையில். இதில் பெரிய ஒன்றியத்துக்கு ஒரு நாள் ஞானம் பிறந்தது, ஊரின் வரலாற்றைப் புத்தகமாகப் போடவேண்டும், இல்லாவிட்டால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும் என்று. பிள்ளைகள் பிரெஞ்சில்தான் பதில் சொல்லும், தமிழ்ப் புத்தகத்தை எப்படி வாசிக்கும் என்று நான் கேட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது, கணினி என்னிடம் இருந்தது, இல்லை என்று சொல்லுகிற வாய் என்னிடம் இல்லை.

நான்கு மாதம் போனில் கேட்டேன். எல்லாருடைய பாட்டனும் வள்ளலாக இருந்திருக்கிறார், ஆனால் வாசிகசாலை எப்போது கட்டியது, நல்ல தண்ணீர்க் கிணறு எப்போது உப்பானது, ஒருவருக்கும் தெரியாது. கையைப் பிசைந்துகொண்டு இருந்தபோதுதான் எங்கள் ஊர் ஞானம்மா அக்கா கடைக்கு வந்தார்.

ஞானம்மா அக்கா பாரிசுக்கு வெளியே ஸ்தேனில் இருக்கிறார், விடியமுன் எழும்பிப் போய் அலுவலகங்கள் கூட்டித் துடைக்கிற வேலை. வேலை முடிந்து நேரே வந்திருந்தார், கையில் மரக்கறிக் கடைப் பை, பைக்குள் ஒரு தடித்த கொப்பி. அவருடைய அண்ணன் மரியநாயகம் எழுதியது. மரியநாயகம் எங்கள் ஊர் வாசிகசாலையைத் திறந்து பூட்டியவர், பின்னேரங்களில் பத்திரிகையை மேசையில் விரித்து வைத்துவிட்டு மூலையில் இருந்து எதையோ எழுதிக்கொண்டே இருப்பார், சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கொப்பியை அக்கா வள்ளத்திலும் அகதி முகாமிலும் வைத்துக் காப்பாற்றி இங்கே கொண்டுவந்திருக்கிறார். அகதி விசாரணையில் அத்தாட்சி என்று இதைத்தான் நீட்டினாராம். மொழிபெயர்க்க வந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு, அம்மா இதில் மழையும் மீனும்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தாராம்.

உண்மைதான், மழையும் மீனும்தான். அதோடு யார் பிறந்தது, யார் கடலில் போனது, முதல் தட்டிவான் பஸ் எந்தக் கிழமை ஊருக்குள் வந்தது, புயலுக்குப் பிறகு கோயில் மணி எந்தப் பனையடியில் கிடந்தது, எல்லாம் முத்து முத்தான எழுத்தில். நான் அன்றைக்கு ரெயிலைத் தவறவிட்டுக் கடையிலேயே இருந்து வாசித்தேன். எங்கள் ஊர் முழுக்க அந்தக் கொப்பிக்குள் இருந்தது. கடைசிக் குறிப்பு, இன்று மழை, பத்திரிகை வரவில்லை.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று.

"இதிலை இருக்கிற எல்லாத்தையும் எடுத்துப் போடு தம்பி. செத்த ஆக்களின்ரை பட்டியலிலை அண்ணையின்ரை பேரும் வரவேணும். ஊர்ச் சனத்துக்கு முன்னாலை ஒருக்கா வாசிக்கவேணும். அது காணும்."

ஓம் அக்கா என்று சொன்னேன். வாய்கூசாமல் சொன்னேன்.

மரியநாயகம் எப்படிச் செத்தார் என்று நீங்கள் கேட்கவேண்டும். ஒரு காலையில் வாசிகசாலை வாசலில் சுட்டுப்போட்டுக் கழுத்தில் ஒரு மட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், துரோகி என்று எழுதி. சுட்டது ஆமிக்காரன் இல்லை, இயக்கத்திலிருந்த எங்கள் பொடியன்கள். அவர் ஊராரின் பெயர்களை எழுதி வைக்கிறார், ஆமிக்குக் கொடுக்கத்தான் எழுதுகிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கொப்பிதான் அது. பிரேதத்தைத் தூக்க ஒருவரும் வரவில்லை, அக்காவும் தாயும் ஒரு கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டுக் கதவும் அன்றைக்குப் பூட்டித்தான் இருந்தது.

புத்தகம் முடிந்து பக்கங்களை ஒன்றியத் தலைவரிடம் கொண்டுபோனேன். தலைவர் லாசப்பலில் பெரிய பலசரக்குக் கடை வைத்திருப்பவர், அவருடைய கடையின் மேல்மாடியில்தான் கூட்டம் நடக்கும். செத்தவர்களின் பட்டியலில், விழாவில் வாசிக்கப்போவதும் அதுதான், விரலை வைத்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இது வேண்டாம்."

"அண்ணை, பாதிப் புத்தகம் அவரின்ரை கொப்பியிலை இருந்துதான் எடுத்தது."

"கொப்பி இருக்கட்டும். பேர் வேண்டாம். இந்த மனுசனுக்குச் சுடர் ஏத்தினால் மண்டபத்திலை பாதிப் பேர் எழும்பிப் போயிடுவினம். உமக்கு விசரே?"

சுட்டவனின் சொந்தக்காரர் இப்போதும் கூட்டங்களில் முன்வரிசையில் இருப்பவர்கள், தலைவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைக்கு வந்து அந்த வரியை அழித்தேன். மேலே இருந்த பெயரும் கீழே இருந்த பெயரும் வந்து ஒட்டிக்கொண்டன, இடைவெளி இருந்த அடையாளமே இல்லை. புத்தகத்தின் கடைசியில் 'உதவியவை: ஒரு பழைய குறிப்பேடு' என்று போட்டேன். அக்காவுக்குப் போன் எடுத்து, பக்கம் நிறைந்துவிட்டது, இடம் காணவில்லை அக்கா என்றேன். தொழில் தெரிந்தவனுக்குப் பொய்யும் தொழிலிலிருந்தே வரும். சரி தம்பி என்று வைத்துவிட்டார்.

வெளியீட்டு விழா லா கூர்னெவில் ஒரு மண்டபத்தில், ஞாயிறு பின்னேரம். பேய்க் கதைக்கு ஏற்ற நேரம் இல்லை, ஜன்னலால் வெயில் அடிக்கிறது, பின்னால் ரோல்சும் தேத்தண்ணியும், பிள்ளைகள் கதிரைகளுக்கு நடுவே ஓடித் திரிகின்றன. எங்கள் நிகழ்ச்சிகளில் ஒரு வழக்கம் உண்டு, செத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்து, சுடரேற்றுபவர் இன்னார் என்று சொந்தக்காரரையும் கூப்பிடவேண்டும், அவர் எழும்பி வந்து ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்திவிட்டுப் போவார். வாசிக்கும் வேலையும் எனக்குத்தான். பெரிய எழுத்தில் நானே அடித்த தாள், அதைப் பார்த்துப் பார்த்து வாசித்துக்கொண்டு போகிறேன், ஆட்கள் வருகிறார்கள், கொளுத்துகிறார்கள், போகிறார்கள். ஞானம்மா அக்கா கடைசிக்கு முந்தின வரிசையில் பச்சைச் சேலையோடு இருந்தார். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். அந்தப் பக்கம் பார்க்காமலே வாசித்தேன்.

பாதி தாண்டியிருக்கும். அடுத்த பெயரைச் சொல்ல நிமிர்கிறேன், அக்கா நடுவழியால் நடந்து வந்துகொண்டிருக்கிறார். ஆள் மாறி எழும்பிவிட்டார் போல என்று நினைத்தேன். ஆனால் மண்டபம் அப்படியே அடங்கிப் போயிருந்தது, ஓடித் திரிந்த பிள்ளைகளைத் தாய்மார் பிடித்து இருத்தி வைத்திருந்தார்கள். அக்கா அவசரமில்லாமல் வந்து, ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, அதன் முன்னால் சிலுவை போட்டுவிட்டுத் திரும்பிப் போய் இருந்தார். முன்வரிசையில் ஒரு குடும்பம் எழும்பி வெளியே போனது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாளில் அடுத்து இருந்த பெயரை வாசித்தேன், கடைசிவரை வாசித்து முடித்தேன்.

இறங்கினதும் தலைவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தேத்தண்ணி ஊற்றுகிற குசினிக்குள் நிறுத்தினார். என்ன வாசித்தனீர் என்று கேட்டார். தாளில் இருந்ததை என்றேன். முழு மண்டபமும் கேட்டது, நீர் என்னைப் பேய்க்காட்டி ஏமாற்ற வேண்டாம் என்று கத்தினார். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டேன், எல்லாரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். 'அமரர் மரியநாயகம், வாசிகசாலை. சுடரேற்றுபவர், தங்கை உப்புக்குட்டி.' என் குரலில், மைக்கில், தெளிவாக. இரண்டு மூன்று பேர் கார் நிறுத்துமிடத்தில் வந்து, சுற்றிவரப் பார்த்துவிட்டு, நல்ல காரியம் செய்தாய் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இத்தனை வருடம் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்க வாய் வந்தது. இன்னும் சொல்லுகிறேன், நான் செய்யாத காரியத்துக்கு அந்தக் கையை நீட்டிக் கொடுத்தேன், அது எனக்கு நல்லாகவும் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மேல்மாடியில் விசாரணை. ஞானம்மா அக்காவையும் வரச்சொல்லியிருந்தார்கள், என்னோடு சேர்ந்து திட்டம் போட்டாரா என்று கேட்க. அவர் ஒரு கரைக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். தலைவர் எல்லாருக்கும் முன்னால் என்னிடம் கேட்டார், வாசித்தீரா, இல்லையா.

அந்த நேரம் ஓம், வேண்டுமென்றுதான் வாசித்தேன், என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் மனிதன். "நான் வாசிக்கேல்லை அண்ணை. சத்தியமா வாசிக்கேல்லை" என்றேன். சொன்னது உண்மை. அந்த உண்மையை நான் சொன்னது பயத்தில். வாசிப்பில் ஏற்பட்ட தவறு என்று கூட்டக் குறிப்பில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கொப்பியைத் திருப்பி வாங்கக் கடைக்கு வந்தார். விழா வீடியோவைத் தொகுக்கும் வேலையும் என்னிடம்தான், அதுவரை திறந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இருங்கோ அக்கா, ஒருக்கால் பார்ப்போம் என்று அவரைப் பக்கத்துக் கதிரையில் இருத்திவிட்டுப் போட்டேன். என் வாயைப் பார்க்கவேண்டும், என்னையறியாமல் சொல்லியிருந்தால் வாய் அசைந்திருக்கும், அதோடு இந்தக் கதை முடியும் என்றுதான் நினைத்தேன்.

அந்த இடம் வந்தது. படத்தில் நான் தண்ணீர் குடிக்கிறேன். போத்தலை அண்ணாந்து வாயில் வைத்திருக்கிறேன், தொண்டைமுடிச்சு ஏறி இறங்குகிறது, ஒன்று, இரண்டு, மூன்று மிடறு. அதற்கு மேலால் என் குரல் போகிறது, அமரர் மரியநாயகம், வாசிகசாலை. குரல் முடிகிறது, நான் போத்தலை மூடி வைக்கிறேன், நிமிர்கிறேன், அக்கா நடந்து வருகிறார்.

திரும்பப் போடச் சொன்னார். மூன்று தரம் போட்டேன். உப்புக்குட்டி ஆர் அக்கா என்று கேட்டேன். நான்தான், சின்னனிலை அடுப்படியிலை உப்பை அள்ளித் தின்னுவன், அண்ணை மட்டும் அப்பிடிக் கூப்பிடுறவர், அம்மாகூடக் கூப்பிட்டதில்லை என்றார். கொப்பியில் இருந்ததா என்று கேட்டேன். இல்லை, அவர் தன்னைப் பற்றியும் என்னைப் பற்றியும் அதில் ஒரு வரிகூட எழுதவில்லை என்றார்.

கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பினார். கதவடியில் நின்று சொன்னார்.

"நீ வாசிக்கேல்லை எண்டு சொன்னது உண்மைதான் தம்பி. அது எனக்கு அண்டைக்கே தெரியும். ஆனா நீ வாசிச்சிருக்கலாம்."

ஊராருக்குக் கொடுத்த வீடியோவில் அந்தத் துண்டு இல்லை. தலைவர் வெட்டச் சொன்னார், வெட்டினேன், அதையும் நான்தான் வெட்டினேன். முழுசு என் கணினியில் இருக்கிறது. தண்ணீர் குடிக்கிற படத்தைக்கூட ஏதோ ஒலிக் கோளாறு என்று சொல்லி என்னை நானே ஏமாற்றிக்கொள்ளலாம், நீங்களும் அதைத்தான் சொல்லப்போகிறீர்கள். எனக்குப் பிடிபடாதது வேறு. அந்தக் குரல் என்னுடையதேதான், என் கரகரப்பு, என் இழுப்பு எல்லாம் இருக்கிறது. ஆனால் உப்புக்குட்டி என்கிற அந்த ஒரு சொல்லை அது சொல்லுகிற விதம் இருக்கிறதே, அவ்வளவு ஆசையாக, நெடுநாள் கழித்துக் கண்டவளைக் கூப்பிடுகிற மாதிரி. நான் பெற்ற மகளைக்கூட ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது அந்தப் பெயரை இரண்டொரு தரம் கூப்பிட்டுப் பார்த்தேன், எனக்கு வரவில்லை.