இல்லை என்று சொல்லாத மேனேஜர்

திரையின் நடுவில் சின்னதாக ஒரு பெட்டி வந்து நிற்கும். காலியாக இருக்கும் கட்டங்களை என்ன செய்யட்டும் என்று கேட்கும். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் காலிக் கட்டமெல்லாம் பூஜ்யம். இன்னொன்றை அழுத்தினால், அங்கே யாரும் அளக்கவே இல்லை என்று எடுத்துக்கொண்டு, அக்கம்பக்கத்துக் கணக்கைப் பார்த்து அதுவாக ஒரு மதிப்பைப் போட்டுக்கொள்ளும். பூமிக்கு அடியில் கிடக்கும் பாறையையும் தண்ணீரையும் படமாக்குகிற மென்பொருளில் தகவல் ஏற்றுகிறவன் நான். வருஷக்கணக்காக இதே வேலை. கண் எரிகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது, சாயங்காலமானால் யாரிடமும் பேசப் பிடிப்பதில்லை. கை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டே போகும். அந்தப் பெட்டி வந்தால் மட்டும் நின்றுவிடும். போர்வெல் ஓட்டும் ரிக் வண்டியின் மேனேஜர் அண்ணனின் ஞாபகம் வந்துவிடும்.

ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். நான் நிலவியல் படித்தவனில்லை. லாரி புக்கிங் ஆபீஸில் பில் போட்டுக்கொண்டிருந்தவன், கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தேன். படத்தைப் பார்த்து முடிவு சொல்வது எங்கள் சார். வருகிற தகவலை உள்ளே ஏற்றி, அது உருப்படியானதா என்று பார்ப்பது என் பாடு. ரிக்காரர்கள் அடிக்கணக்கில் தருவார்கள், மென்பொருள் மீட்டர் என்று நினைத்துக்கொண்டு போர்வெல்லைப் பாதாளம் வரை இறக்கிவிடும். தரைமட்டம் தப்பாக இருந்தால் கிணறு அந்தரத்தில் தொங்கும். ஒரு தடவை அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறி, புதுச்சத்திரத்துப் போர்வெல் ஒன்று வடதுருவத்துப் பக்கம் பனிக்கடலில் போய் விழுந்தது. "அங்கயாவது தண்ணி இருக்கும், விட்டுருய்யா" என்றார் சார். இந்த மாதிரித் தப்புகளைக் கண்டுபிடிப்பது சுலபம். பார்த்த மாத்திரத்தில் பல்லிளிக்கும்.

மேனேஜர் அண்ணன் திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போனவர். எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் ஓட்டினார்கள், எந்த அடியில் என்ன பாறை, எத்தனை இஞ்சு தண்ணீர் என்று எங்களுக்குத் தகவல் கொடுப்பவர். கழுத்தில் எந்நேரமும் ஒரு துண்டு, அதில் எந்நேரமும் பாறைத் தூள். மாடிப்படி ஏறும்போதே "சாமி, ஒரு டீ சொல்லுங்க, நான் வாரேன்" என்று குரல் முன்னால் வரும். பெரியவர் சின்னவர் என்றில்லை, அவருக்கு எல்லோரும் சாமிதான். பேச்சு அவ்வளவு இனிப்பு. ஆனால் ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. பக்கத்து ஊரில் ஓட்டியது என்ன ஆயிற்று என்று கேட்டால், "ஆளு தூங்குதுங்க" என்பார். ரொம்ப மோசமென்றால், "நல்லா அசந்து தூங்குதுங்க." ரிக்கில் அப்படி ஒரு வழக்கம். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை நிறுத்திய இடத்தில், வெறும் தூளாகப் பறந்தாலும் 'புகை வருது' என்று சொல்லலாமே தவிர, தண்ணீர் இல்லை என்று சொல்லக்கூடாது. அடுத்த இடத்துக்கும் அது கூடவே வந்துவிடுமாம். சொல்லக்கூடாததை எழுதுவது எப்படி? அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். எங்களுக்கு இது தெரியாது. அளக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, இரண்டாவது பொத்தானையே அழுத்திக்கொண்டிருந்தோம்.

புதுச்சத்திரத்துப் பக்கம் ஒரு கோழிப்பண்ணைக்காரர் சாரைத் தேடி வந்தார். நிலத்தில் போட்ட இரண்டு போர்வெல்லும் கைவிட்டுவிட்டன. "மூணாவதும் புகையாப் போச்சுன்னா பண்ணையை மூடறதுதானுங்க. கோழிக்கு வெயில் காலத்துல ஒரு நேரம் தண்ணி தப்புனா நின்னுட்டே செத்துப்போகுமுங்க" என்றார். நிலத்தின் வடகிழக்கு மூலையில் ஓட்டுவதாக முடிவு செய்து, வெள்ளிக்கிழமைக்கு ரிக்கும் பேசிவிட்டார். அதுவும் மேனேஜர் அண்ணனின் வண்டி. அந்தச் சுற்றுவட்டாரத் தகவலை ஏற்றிப் படம் போட்டேன். தண்ணீர் உள்ள இடம் நீலம். திரை முழுக்க நீலம். பண்ணைக்காரரின் காய்ந்துபோன இரண்டு போர்வெல்லின் மேலும் சேர்த்து நீலம் பூசியிருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு உறுத்தியது. அண்ணனுக்குப் போன் போட்டேன்.

அவர் வந்து, என் பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காலிக் கட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். "தூங்குதுங்க" என்றார். "தூங்குதுன்னு போட்டா இந்த மிஷினுக்குப் புரியாதுங்கண்ணா. இருக்கா, இல்லையான்னு சொல்லுங்க" என்றேன். டீயைக் குடித்தார். ஆறிப்போன டம்ளரைத் திரும்பவும் வாயில் வைத்துப் பார்த்தார். "இது ரிக் நிக்கற எடமில்லீங்களே, ஆபீஸ்தானுங்களே?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். இல்லீங்க. இதுவும் இல்லீங்க. ஒவ்வொரு தடவையும் நான் பூஜ்யம் போட, திரையில் நீலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி, மண் நிறம் பரவியது. அவர் சட்டை முதுகு நனைந்திருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கடைசியில் ஒரே ஒரு திட்டு நீலம் நின்றது. பண்ணையின் வடகிழக்கு மூலை. வெள்ளிக்கிழமை ஓட்டப்போகிற அதே இடம். அதற்குப் பக்கத்தில், வேலிக்கு அந்தப்புறம், இன்னும் ஒரு காலிக் கட்டம் இருந்தது. "இது யாருதுங்கண்ணா?" என்றேன். "நம்முளுதுங்க" என்றார். அவருடைய சொந்தக் காடு, அதாவது விளைநிலம். சொந்த வண்டியைக் கொண்டுபோய் ஓட்டிய போர்வெல். "தூங்குது, ஒரு மழை பேஞ்சா எந்திரிச்சுக்கும்னு ஊட்ல சொல்லி வெச்சிருக்கறேனுங்க. வெள்ளிக்கெழமையானா அவ அந்தக் கொழாய் மூடிக்கு மஞ்சள் குங்குமம் வெக்கிறா. நான் இங்க சொன்னா பண்ணைக்காரருக்குத் தெரியும். அவுங்களுக்குத் தெரிஞ்சா வேலி தாண்டி அவளுக்கும் தெரியும். இது ஒண்ண மட்டும் அப்படியே உட்டுருங்க சாமி."

திரையில் அந்தப் பெட்டி கேள்வியோடு நின்றிருந்தது. கீழே பல் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை அழுதது. அண்ணன் அந்த நீலத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாவம், கோழி என்ன பண்ணுமுங்க" என்றார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி சொன்னார்: "இல்லீங்க. போட்டுக்குங்க." போட்டேன். திட்டு மறைந்தது. அவருடைய வெள்ளிக்கிழமை வேலையும் அதோடு போயிற்று.

பண்ணைக்காரரிடம் அண்ணனே போய்ச் சொன்னார். அந்த மனுஷர் படத்தைப் பார்க்க ஒரு தடவை ஆபீசுக்கு வந்தார். "நல்ல வேளைங்க, கருப்பு அடிக்காம மண்ணு கலராப் போட்டிருக்கறீங்க" என்று சிரித்தார். பாதிக் கொட்டகையை மூடிவிட்டு, டேங்கர் தண்ணீரில் மீதியை ஓட்டுகிறார். சரியாகக் கண்டுபிடித்தோம் என்று சார் என் தோளைத் தட்டினார். எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஒருவருக்கு இல்லை என்று சொல்வதற்காக எவ்வளவு பாடுபட்டிருக்கிறோம் என்றுதான் இருந்தது.

பாறைத் தூள் அண்ணனின் நெஞ்சில் தங்கி, இருமலாகி, போன வருஷம் அவரும் போய்விட்டார். துக்கம் கேட்கப் போயிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் காட்டில் அந்தக் குழாய் நின்றது. மூடியில் மஞ்சள் குங்குமம், புதுசாக. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அண்ணனின் வீட்டம்மா சொன்னார்கள்: "எனக்கு மொதல்ல இருந்தே தெரியுமுங்க. ஓட்டுன அன்னிக்கி இவரு மூஞ்சியப் பாத்தா தெரியாதுங்களா? தூங்குதுன்னு அவரு சொல்றப்ப, இல்லைன்னு நான் எப்படிச் சொல்றதுங்க?"

இப்போது ரிக்காரர்கள் போனிலேயே தகவல் அனுப்பிவிடுகிறார்கள். காலிக் கட்டங்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இன்று காலை தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒன்று வந்தது. பெட்டி வந்து நின்றது. எந்தப் பொத்தானையும் தொடாமல் அந்த ரிக்காரரைக் கூப்பிட்டேன். "அதுங்களா... அது பாத்து நீங்களே போட்டுக்கங்க" என்றார். "நீங்க சொல்லுங்க, நான் போட்டுக்கறேன்" என்றேன். பின்னால் கம்ப்ரசர் ஓடுவது மட்டும் கேட்டது. "ரிக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி வந்து பேசுங்க" என்றேன். செருப்புச் சத்தம் கேட்டது. கம்ப்ரசர் இரைச்சல் மெல்ல மெல்லத் தேய்ந்தது. போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தேன்.