வரைபடத்தில் சுரண்டிய இடம்

பாசன அலுவலகத்தில் நான் வரைவாளராகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாயைத் திறக்க வேண்டாத வேலை என்பதாலேயே அது எனக்குப் பிடித்திருந்தது. பொறியாளர்கள் அளந்துகொண்டு வருவதை ட்ரேசிங் துணியில் மையால் வரைந்து கொடுப்பேன். சாயங்காலம் பஸ் பிடித்து விடுதிக்குப் போய்விடுவேன்.

அந்த வருஷம் சம்பாவுக்குத் தண்ணீர் வாய்க்காலின் கடைக்கோடியான கடைமடைக்குப் போய்ச் சேரவில்லை. வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் பெரிய நிலக்காரர்கள் வாய்க்கால் கரையைக் குடைந்து கள்ளக் குழாய் பதித்திருக்கிறார்கள் என்று கடைமடைக்காரர்கள் மறியல் செய்தார்கள். கூலித் தகராறில் ஊருக்கு ஊர் போலீஸ் நின்ற காலம் அது. குத்தகை, உச்சவரம்பு, குடியிருப்பு மனை என்று அரசாங்கம் சட்டம் மேல் சட்டம் போட்டிருந்தது. சட்டம் எட்டிய ஊரிலெல்லாம் சண்டையும் எட்டியிருந்தது. சப் கலெக்டர் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு, எங்கள் அலுவலகம் வரைபடம் வைத்து விளக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

வாய்க்கால் நெடுக நடந்து குழாய்களைக் கண்டுபிடித்தவர் எங்கள் இளநிலைப் பொறியாளர். மொத்தம் ஏழு. சிவப்பு மையில் ஏழு புள்ளி வைத்தேன். கடைசிப் புள்ளி வைக்கும்போது என் கை நின்றது. நன்னிலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் அது. அந்தக் குழாயைப் பதித்த மிராசுதாரின் வயலில்தான் அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்தார்கள்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது இளநிலைப் பொறியாளர் காய்ச்சல் என்று லீவு எழுதி அனுப்பிவிட்டார். காய்ச்சல் இல்லை என்று ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். உதவிப் பொறியாளர் என்னைக் கூப்பிட்டு, வரைந்தது நான்தான் என்பதால் நானே விளக்கிவிட வேண்டும் என்றும், தான் பக்கத்திலேயே இருப்பதாகவும் சொன்னார். முடியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை.

நான்கு பக்கம் எழுதினேன். சாப்பாட்டு நேரத்தில் பதிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கோப்பு அடுக்கியிருந்த ரேக்குகளுக்கு முன்னால் நின்று படித்துப் பார்த்தேன். மூன்றாவது வரியைத் தாண்ட முடியவில்லை. நான்கு பக்கத்தை ஒரு பக்கமாக்கினேன், அதுவும் மறந்துபோனது. கடைசியில் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, தண்ணீர் போகிற வழியிலேயே போவது என்று முடிவு செய்தேன். தலைமதகில் ஆரம்பித்து ஒவ்வொரு புள்ளியாகக் கீழே இறங்கினால், அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று வரைபடமே காட்டிவிடும். குச்சியால் தொட்டுத் தொட்டு ஐந்தாறு தடவை சொல்லிப் பார்த்தேன். ஆறு புள்ளி வரை நன்றாக வந்தது. ஏழாவதில் ஒவ்வொரு தடவையும் குரல் இறங்கிப்போனது.

கூட்டத்தன்று காலை உதவிப் பொறியாளர் என் மேஜைக்கு வந்து வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடைசிப் புள்ளிய எடுத்துடும்மா. மேலேருந்து சொல்லிட்டாங்க. ஆறு போதும்."

மிராசுதாருக்கு எங்கெல்லாம் ஆள் உண்டு என்று ஊருக்கே தெரியும். நான் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல இன்றும் கூசுகிறது. பிளேடை எடுத்துச் சுரண்டினேன். ட்ரேசிங் துணியில் மையைச் சுரண்டினால் மேல்பூச்சும் கூடவே போய்விடும். மேஜைமேல் விரித்துப் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை.

சப் கலெக்டர் ஆபீஸில் ஒரு பக்கம் மிராசுதார்கள், எதிர்ப்பக்கம் கடைமடை விவசாயிகளும் அவர்களுடைய சங்கத்துக்காரர்களும். என் ஊர் மிராசுதார் முதல் நாற்காலியில் இருந்தார். வரைபடத்தை ஜன்னலுக்கு முன்னால் மாட்டியிருந்தார்கள். எழுந்து போய் அதன் பக்கத்தில் நின்றபோதுதான் பார்த்தேன். பின்னாலிருந்து வெயில் அடித்ததில், சுரண்டிய இடம் மட்டும் வெள்ளையாக எரிந்தது.

எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. தலைமதகைத் தொட்டேன், முதல் புள்ளியைத் தொட்டேன், குரல் எங்கிருந்தோ வந்தது. உள்ளங்கை வியர்வையில் குச்சி வழுக்கியது. ஆறாவதை முடித்துக் குச்சியை இறக்கும்போது சப் கலெக்டர் கையைக் காட்டினார்.

"அதுக்குக் கீழ ஏதோ அழிச்ச மாதிரி இருக்கே. அங்க என்ன இருந்துச்சு?"

உதவிப் பொறியாளரைப் பார்த்தேன். அவர் கோப்பில் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார். அப்போது மிராசுதார் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"நீ நம்ம பண்ணையாள் மகதான?"

கல்யாண வீட்டில் விசாரிப்பதுபோலத்தான் கேட்டார். ஆமாங்க என்றேன். மை கொட்டிவிட்டது என்று சப் கலெக்டரிடம் சொல்லியிருக்கலாம். அது எனக்குத் தோன்றவேயில்லை. பயம் முற்றிப்போனால் பொய் கட்டுவதற்குக்கூடத் தெம்பு இருப்பதில்லை.

"அங்க ஒரு குழாய் இருக்குங்க சார். காலைலதான் அழிச்சேன்."

கடைமடைப் பக்கம் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். சப் கலெக்டர் அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, ஏதோ எழுதிக்கொண்டு, மேலே சொல்லச் சொன்னார். யார் அழிக்கச் சொன்னது என்று என்னிடம் கேட்கவில்லை. ஏழாவதையும் மீதியையும், வரைபடம் மாட்டியிருந்த மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

ஒரு வாரத்துக்குள் போலீஸ் காவலோடு ஏழு குழாயையும் பிடுங்கினார்கள். தண்ணீர் கடைமடைக்குப் போனபோது பாதிப் பயிர் காய்ந்திருந்தது, மீதி பிழைத்தது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பண்ணையில் வேலை நின்றது. மனைக்கு ஏற்கெனவே பட்டா வாங்கியிருந்ததால் வீட்டில் கை வைக்க முடியவில்லை.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரை நடப்பதற்குள், திரும்பிவிடலாமா என்று இரண்டு தடவை நின்றேன். அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடச் சொன்னார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் பேசினார்.

"நீ சொன்னது தப்புன்னு சொல்லல பாப்பா. முன்னாடியே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வேலைக்கு வராதன்னு ஆள் வந்து சொன்னப்ப, ஏன்னு கேட்டு முழிச்சிருக்க மாட்டேன்ல?"

சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது என்றேன். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து இருவரும் பக்கத்து ஊர்களுக்கு நடந்துபோய் வேலை செய்தார்கள்.

இரண்டு மாதத்தில் எனக்கு வேதாரண்யம் பக்கம் மாற்றல் வந்தது. கடல் தண்ணீர் வயலுக்குள் ஏறாமல் தடுக்க அங்கே மதகு கட்டுவதாக இருந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அதை நான்தான் விளக்க வேண்டும் என்றார் புது அதிகாரி. நான் நன்றாகப் பேசுவேன் என்று கேள்விப்பட்டாராம். இந்தத் தடவை நான் எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. உப்பளத்திலிருந்து நேராக வந்தவர்கள் தரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். எழுந்து நின்று, வரைபடத்தில் கடல் எந்தப் பக்கம் என்று முதலில் காட்டினேன்.